ஜெயக்கொடி டீச்சரின் இருதயத்தைப் பற்றி

காலை இறைவணக்கத்துக்கு மணி அடிக்கும் நேரத்தில் போன் வந்தது. எங்கள் சாத்தூர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை ஜெயக்கொடி டெங்குக் காய்ச்சலில் போய்விட்டார். மதியத்துக்குள், "அம்புட்டு கனத்த உடம்பு, இருதயம் தாங்கல" என்று ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. அவரோடு பல வருடம் வேலை பார்த்த கணக்கு டீச்சர் நான் சொல்கிறேன். அவர் கனத்த உடம்புக்காரர்தான். தினமும் காலையில் பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி ஓடியவர். அவருடைய இருதயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம்.

சில வருடங்களுக்கு முந்தைய விளையாட்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். நெடுந்தூர ஓட்டத்தில் முந்துகிறவர்களுக்குத்தான் பள்ளி அணியில் இடம். எங்கள் ஊரில் ஓட்டத்தை விசிலால் தொடங்குவதில்லை, வெடி வைப்போம். வெடியோடு வந்திருந்த பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர், வரிசையில் நின்ற நஸீமாவைப் பார்த்துச் சிரித்தார். எட்டாம் வகுப்பு, பருத்த பெண்.

"இந்தப் பாப்பா எதுக்கு டீச்சர்? ஒல்லியா ஒரு பிள்ளைய நிப்பாட்டுங்க." தலைமையாசிரியையும் தலையாட்டினார். நஸீமா வரிசையை விட்டு விலகப் போனாள்.

"நில்லு" என்றார் ஜெயக்கொடி டீச்சர். வெடியை முதலாளியின் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். "மொதல்ல எல்லாப் பிள்ளைகளும் மேடைப்படி ஏறி இறங்கட்டும். அப்புறம் பத்த வைப்போம்."

டீச்சரின் கைத்தட்டலுக்கு ஏற்ப ஏறி இறங்கினார்கள். ஒல்லிப் பெண்கள் பலர் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் ஒவ்வொருவர் நாடியையும் பிடித்துப் பார்த்தார்; படபடப்பு தணிந்து முதலில் இயல்புக்குத் திரும்பியது நஸீமாவின் நாடிதான். தலைமையாசிரியையின் விரலை அவள் மணிக்கட்டில் வைத்து, "தொட்டுப் பாருங்க மேடம். எடை மிஷினுக்கு இது தெரியாது" என்றார்.

தலைசுற்றிச் சாய்ந்த ஒரு ஒல்லிப் பெண்ணிடம், "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். அம்மா கம்பெனி வண்டிக்கு வெள்ளனவே போயிட்டாக."

தன் டிபன் டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "எடை பெருசில்லைன்னு நான் சொல்லல. எடையை மட்டும் வச்சு ஒரு பிள்ளைய தள்ளாதீக."

பிள்ளைகள் இளைப்பாறிய பிறகுதான் வெடி வெடித்தது. நஸீமா முதலாவதாக வரவில்லை. ஆனால் நிற்காமல் ஓடி, அணியில் இடம் பிடித்தாள்.

டீச்சரின் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். இனி ஒரு பிள்ளையின் உடம்பைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் துக்க வீட்டில் நஸீமா என்னை முந்திக்கொண்டாள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு அம்மாள் அவளிடம், "நீயும் உடம்பக் குறை தாயி. டீச்சர் மாதிரி ஆயிராத" என்றார்.

நஸீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுக மாதிரி ஆகத்தான் ஓடுறேன்."