ராகுகாலத்தில் அறுத்த மேசை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என் கணவர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வெல்டிங் பட்டறை வைத்தார். ஆஸ்டின் டவுனில், என் அண்ணன் வீட்டுப் பின்புறக் கொட்டகையில். கொட்டகை அண்ணனுடையது. பட்டறையும் தன்னுடையது என்றே அவர் நடந்துகொண்டார்.

முதலில் வேண்டியது மேசை. அதன் மேல்தளம் சமமாக இல்லாவிட்டால் அதில் வைத்துச் செய்யும் கேட், கிராதி எல்லாமே கோணும். எங்கள் அடுப்பு அவற்றை நம்பித்தான் எரிய வேண்டும். பழைய இரும்பு விற்கும் குஜரிக் கடையில் கணவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தகடாகப் பார்த்து, கனமான, துருவேறிய ஒன்றை எடுத்தார்.

“இன்னா மாப்ளே, பளபளன்னு ஒண்ணு கீதே, அத வுட்டுட்டு இதயா?” என்றார் அண்ணன்.

“அது மெலிசு மச்சான். சூடு பட்டா அப்பளமாயிடும்.”

வெள்ளிக்கிழமை காலை பூசை. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. தகட்டைக் கவிழ்த்துப் போட்டு, கால்களும் சட்டமும் பொருத்தி, மூலைக்கு ஒரு பொட்டு பற்றவைத்தார் கணவர். பிறகு இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டுச் செய்வது அவர் வழக்கம். அண்ணன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராகுகாலம் வருது மாப்ளே. நல்ல நேரத்துல ஆரம்பிச்சத அதுக்குள்ள முடிக்கணும். ஒரே இழுப்பா இழுத்துடுங்க.”

“ஆறணும் மச்சான். இல்லேன்னா தகடு வளஞ்சிடும்.”

“எங்கொட்டாய்ல அரைகுறையா நிக்கக்கூடாது. அவ்ளோதான்.”

ஒரே இழுப்பாக இழுத்தார். நிமிர்த்தி, மேலே ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்தபோது அது இருபுறமும் ஆடியது. தகடு நடுவில் முதுகு தூக்கியிருந்தது.

“மேல என்னா கோலமா போடப்போறீங்க? வேலயப் பாருங்க,” என்று சிரித்தார் அண்ணன்.

ஒரு பங்களாவுக்கான முதல் கேட்டை அதில்தான் செய்தார். மாட்டிப் பார்த்தால் தாழ்ப்பாள் துளையில் விழவில்லை. “பேடா, தகொண்டு ஹோகி,” வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று கன்னடத்தில் சொல்லிப் பங்களாக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று மாலை நான் டீக்கடையைத் தாண்டி வரும்போது அண்ணனின் குரல் கேட்டது. “மாப்ளைக்குக் கை சரியில்லீங்க. ஃபாக்டரில எப்படித்தான் வெச்சிருந்தாங்களோ.” ராகுகாலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதும்போது இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வெள்ளி, ராகுகாலம் தொடங்கியதும், “இப்ப அந்த மேசைக் காலயும் சட்டத்தயும் அறுங்க,” என்றேன். கணவர் என்னைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணன் வாசலோடு நின்றார். அந்த நேரத்தில் அவர் பட்டறைக்குள் கால் வைக்கமாட்டார்.

“ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா? நிறுத்தச் சொல்லு!”

“நீயே உள்ள வந்து நிறுத்துண்ணே.”

வரவில்லை. மீதி வசவெல்லாம் தகட்டின் முதுகைத் தட்டும் சம்மட்டி ஓசையில் போயிற்று. ராகுகாலம் கழிந்து அவர் உள்ளே வந்தபோது, நிமிர்த்திய தகட்டின் மேல் இரும்புப் பட்டை ஆடாமல் கிடந்தது. மறுபடி பொருத்திய கால்களில் பொட்டு மட்டும் வைத்திருந்தது.

“மீதிய எப்ப பத்தவெப்பீங்க?” என்று கேட்டார் அண்ணன்.

“ஆறட்டும்,” என்றார் கணவர், தலை நிமிராமல்.