ஆறின இன்ஜின்

அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டிய மார்கழிக் காலையில், எங்கள் டீசல் ஜீப் இருமியதே தவிரக் கிளம்பவில்லை. திருப்பனந்தாளிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஒடிசலான மனிதர், காதை மூடிய மப்ளர். சாவியைத் திருப்பச் சொல்லி, மப்ளரை விலக்கி, பானெட்டுக்குள் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். கேட்காமல் அவர் எதையும் தொடுவதில்லை போலும்.

“ரிலே சுவிட்ச் தட்டுதுங்க. குளிர்ல இன்ஜினைச் சூடாக்குற ஹீட்டர் பிளக்குக்குத்தான் கரண்டு போகல.”

சட்டைப்பையிலிருந்து ஒயர் கட்டிய சின்ன பல்பை எடுத்துப் பிளக்கில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. பிளக்குக்கு வரும் ஒயரின் நட்டு லூசாகிக் கருகியிருந்தது.

“எந்த மடையன் மாட்டினான் இதை?” என்றேன்.

“நாந்தாங்க. போன மாசம் உங்க தம்பி கொண்டாந்தாங்க.”

சொல்லாமல் முடுக்கிவிட்டுப் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கருகலைச் சுரண்டி நட்டை முடுக்கினார். வண்டி கிளம்பியது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

“ராத்திரி முழுக்க ஆறின இன்ஜின்ல பாத்தாதாங்க சரியாயிடுச்சான்னு தெரியும்.”

மறுநாள் பனி விலகுமுன் வாசலில் நின்றார். சாவியைத் திருப்பச் சைகை காட்டினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. “வர்றேங்க” என்று மப்ளரை இழுத்து மூடிக்கொண்டார்.

மடையன் என்றதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் ஜீப்பிலிருந்து இறங்கினேன். அதற்குள் அவர் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.