செக்கிங் மேசையில் ஒரு நாற்காலி

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவள் நான்தான். இப்போது உலு திராமில் ஒரு டியூஷன் நிலையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அம்மா பத்து பகாட் ஊரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் அயன் போடும் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க நிற்கும் வேலை. கால் நரம்புகள் நீலமாகப் புடைத்திருக்கும். மாலையில் செருப்பைக் கழற்றவே சிரமப்படுவார். அங்கே செக்கிங் மேசையில் ஓர் இடம் காலியானது. தைத்த சட்டைகளை உட்கார்ந்து சரிபார்க்கும் வேலை. அம்மா அதைக் கேட்டிருந்தார். ஆனால் புதிய மேனேஜருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அவர் நேரில் கூப்பிட்டுப் பேசுவார் என்றார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் கேட்டால் ஓரளவு புரியும்; முதலாளியிடம் பேசுவது ஒரே சொல்தான்: 'கேன்', முடியும். ஓவர்டைம் நிற்க முடியுமா? "கேன், போஸ்." இன்னொருத்தி வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? "கேன், போஸ்." ரப்பர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த காலத்திலிருந்தே எங்கள் ஆட்கள் மேலே இருப்பவர்களிடம் வேறு பதில் சொல்லிப் பழகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன்.

"என்ன பிடிக்கும்னு கேப்பாரும்மா. என்ஜாய் டு வொர்க்னு சொல்லாதீங்க. என்ஜாய்க்குப் பின்னால இங் வரணும். வொர்க்கிங், குக்கிங், சிட்டிங்."

"சிட்டிங்னா?"

"உக்கார்றது."

"அதுக்குக்கூட இங்லீசு இருக்கா? எங்க செக்ஷன்ல யாரும் சொல்லிக் கேட்டதில்ல லா."

இருவரும் சிரித்தோம். வொர்க்கிங் என்றே சொல்லுங்கள், அதுதான் மரியாதை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மா போன் செய்தார்.

"நீ சொன்ன மாதிரியே ஐ என்ஜாய் வொர்க்கிங்னு சொன்னேன். வெரி குட்னாரு. அப்ப அயன்லயே இன்னும் ஒரு வருஷம் நில்லு, கேன்? அப்படின்னுட்டாரு."

நான் கொடுத்த பதில்தான் அம்மாவை அங்கேயே நிறுத்தியிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, பிள்ள. முழுங்கிட்டேன். நோ, போஸ். ஐ என்ஜாய் சிட்டிங்னேன். மொகத்தப் பாத்தாரு. அப்புறம் குனிஞ்சு என் காலப் பாத்தாரு. நாளைக்கு செக்கிங்குக்குப் போகச் சொல்லிட்டாரு."

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் நானே கூப்பிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"காலையில மேனேஜர் அந்தப் பக்கம் வந்தப்பெல்லாம் எந்திரிச்சு நின்னுட்டேன். சாயந்தரம் வந்தாரு. எந்திரிக்கல."