ஆஸ்பத்திரிக்குப் போன இரும்பு வாணலி

போன வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஓர் இரும்பு வாணலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே முருங்கைக்கீரைப் பொரியல். மேலே தட்டு, சுற்றிலும் துண்டு.

“பாத்து வைம்மா, பக்கத்துல இருக்கறவங்க மேல கரி ஒட்டிரப்போவுது,” என்றார் கண்டக்டர்.

“ஒட்டாது. நான் தேய்ச்ச வாணலி,” என்றேன்.

டிபன் பாக்ஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எவர்சில்வருக்கு மாற்றினால் இரும்புச் சத்து போய்விடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் என் தம்பி ராஜுவுக்குப் பித்தக்குழாயில் புற்றுநோய். ஈரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகிற குழாய் அது. மஞ்சள் காமாலை என்றுதான் போனோம்... இப்படிச் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள். கட்டி சுருங்கினால் ஆபரேஷன். சுருங்காவிட்டால் — அதை நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. சுருங்கியதா என்று எடுத்த ஸ்கேனின் ரிசல்ட்டுக்குத்தான் அன்று போனது.

சரி, வாணலி எதற்கு? முன்பொரு தடவை டாக்டரம்மாவிடம், “புதுசா ஏதாவது வைத்தியம் வந்திருக்காம்மா?” என்று கேட்டிருந்தேன். “இரும்பை வச்சே புத்துச் செல்லைச் சாகடிக்க முடியுமான்னு லேப்ல பாத்துட்டிருக்காங்க,” என்றார். நான் லேப்பை அங்கேயே விட்டுவிட்டு, இரும்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று முதல் ராஜுவுக்கு நான் கொண்டுபோகும் கீரைதான். புளிக்குழம்பும் இரும்பில், கறுக்கிற வரைக்கும். போதாதென்று மெடிக்கலில் ஓர் இரும்பு டானிக்.

“அக்கா, அது சாகுதோ இல்லையோ, நான் இந்தக் கீரையிலயே போயிருவேன்,” என்பான் ராஜு.

“வாயைக் கழுவுடா. முழுங்கு.”

வாணலியோடு போன அன்று டாக்டரம்மாவிடம் தம்பி மனைவி செல்வி போட்டுக்கொடுத்துவிட்டாள். “அண்ணி டானிக் வேற குடுக்கறாங்க டாக்டர்.”

“யாரு குடுக்கச் சொன்னா?”

“நீங்கதான்,” என்றேன். எனக்கென்ன பயம்?

அவர் மேஜைமேல் நான் வைத்த வாணலியைத் தட்டினார். “இதுல பழைய எண்ணெய் அப்படியே கிடந்தா என்னாகும்?”

“சிக்கு வாடை அடிக்கும்.”

“செல்லுக்குள்ள இரும்பு இருக்கு. சுவர்ல கொழுப்பு இருக்கு. இரும்பால அந்தக் கொழுப்பு அப்படிக் கெட்டா செல் செத்துடும். கெடாமப் பாத்துக்க ஒரு காவலும் இருக்கு. புத்துச் செல்லுல அந்தக் காவலை எடுக்கத்தான் மருந்து தேடறாங்க. நீங்க ஊட்டற இரும்பு அதைச் செய்யாது. இவரு ஈரலுக்குத்தான் பாரம். டானிக்கை இன்னையோட நிறுத்துங்க. கீரை அளவா இருக்கட்டும்.”

“ஸ்கேன்...?” என்றாள் செல்வி.

“சுருங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணலாம்.”

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாணலியைப் பிடித்துக்கொண்டேன். சுருக்கியது ஏற்றிய மருந்துதான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வாணலியை ஒருமுறை பெருமையாகப் பார்த்தேன்.

ராஜு கேட்டது ஒன்றே ஒன்று. “அதுக்கு முன்னாடி ஒருநாள் உருளைக்கிழங்கு சாப்பிடலாமா டாக்டர்?”

“எண்ணெய் கம்மியா.”

டாக்டர் சொல்வதில் நமக்குப் பிடித்த பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். வைத்தியம் மீதிப் பாதியில் இருக்கிறது.

லேப்காரர்கள் அவர்களுடைய இரும்பை நிதானமாகப் பார்க்கட்டும். என்னுடையதில் நாளைக்கு உருளைக்கிழங்கு வதங்குகிறது.