மாசி மழையும் மாரியின் முகமும்

பழனியாண்டியின் வேலை ஆண்டு வெயிலோடு, தை மாதத்தில் தொடங்கும். தையிலும் மாசியிலும் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில்களுக்கு வர்ணம் தீட்டுவார். சித்திரையில் விடுமுறைக் கூட்டம் வந்து சேருமுன், பங்குனியில், நுவரெலியா ஹோட்டல் சுவர்களில் பூக்கொடி வரைவார். வைகாசியில் மழை இறங்கியதும் மலையைத் தாண்டி, வெயில் காயும் பதுளைக்குப் போய்விடுவார். ஹட்டனில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த அறை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது.

1956ஆம் ஆண்டு மாசிக் கடைசியில் வானம் அந்த ஒழுங்கை மதிக்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தேர். தேரின் முகப்புப் பலகையில் அம்மனின் முகம் முடிந்திருந்தது. கண்கள் மட்டும் மிச்சம். தேர் புறப்படும் காலையில்தான் கண் திறக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால், முகம் காயாமல் கருவிழி வைத்தால் கறுப்பு கன்னத்தில் வழிந்துவிடும். செவ்வாயன்று பிடித்த மழையோ விடவில்லை. பழனியாண்டி அடிக்கடி புறங்கையால் பலகையைத் தொட்டுப் பார்த்தார், ஒட்டியது. உட்காரவும் முடியாமல், உண்ணவும் முடியாமல், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் மேலும் கீழும் நடந்தார்.

புதனன்று தேயிலைத் தொழிற்சாலைக்கு ஓடினார். கொழுந்து வாட்டும் மாடியில் சூடான காற்று உண்டு.

"ரெண்டே நாளுங்க ஐயா. ஒரு மூலையில சாத்தி வச்சுக்கிறேன்."

தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் கணேசமூர்த்தி கைகூப்பினார். "பெயின்ட் வாசனை கொழுந்துல ஏறிச்சுன்னா, தொரை தேத்தண்ணியோட சேத்து என்னையும் துப்பிருவாரு. ஆத்தா மன்னிச்சுக்குவா, அவரு மன்னிக்க மாட்டாரு."

திரும்பும் வழியில், கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்த வீரம்மா மறித்தார்.

"எங்க காம்பராவுக்குக் கொண்டாங்கண்ணே. அடுப்புச் சூட்டுல காய வச்சிருவோம்."

"பொகை படிஞ்சா மொகம் கறுத்திரும், தாயி."

"கறுத்தா கருமாரின்னு கும்பிட்டுக்கிறோம். நீங்க நடக்குற நடையில லயத்து வாசலே பள்ளமாயிருச்சு!"

சொன்னாரே தவிர, புகை படிய விடவில்லை. தன் ஒற்றை அறைக் காம்பராவினுள் விறகடுப்பை அணைத்துக் கரித்தணலை மட்டும் வைத்தார். சமையலை முன்புறத் திண்ணையான இஸ்தோப்பில், சாரலுக்கு நடுவே, முடித்துக்கொண்டார். சூடு ஒரே இடத்தில் தாக்காதபடி பழனியாண்டி பலகையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை விரல் ஒட்டவில்லை. தப்பு மேளம் முழங்க, மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கருவிழிகளையும் வைத்தார். பெண்கள் குலவையிட்டனர். தலையை நிமிர்த்தியபோதுதான், மழை நின்றிருப்பதைக் கண்டார்.

"தேர் பாக்காமலா போறீங்க, அண்ணே?" என்றார் வீரம்மா.

"வெயில் வந்திருச்சு, தாயி. ஹோட்டல் சுவரு காத்துக்கிட்டிருக்கு."

தூரிகைகளைத் துணியில் சுருட்டிக்கொண்டே, நுவரெலியா பஸ்ஸைப் பிடிக்கச் சந்தியை நோக்கி ஓடினார்.