துக்க வீட்டில் சொன்ன 'வாரேன்'

போன ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கோவை வடவள்ளியில் ஒரு துக்க வீட்டில் நடந்தது இது. இறந்துபோனவர் என் ஆராய்ச்சி வழிகாட்டி. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பல்கலைக்கழகத்துக்குள் நான் அவரை 'மேடம்' என்பேன். கேட்டைத் தாண்டினால் அவர் என்னை 'அக்கா' என்பார்.

நான் ஒரு தனியார் கல்லூரியில் கட்டடக்கலைப் பாடம் நடத்துகிறவள். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். பிஎச்.டி. இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்வது கஷ்டம் என்று நிர்வாகம் ஜாடைமாடையாகச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், நாற்பதை நெருங்கும் வயதில், நகரத் திட்டமிடலில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தேன். முதல் தடவை நேர்காணலில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாரா என்றெல்லாம் விசாரித்தார்கள். என்னமோ பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. தலைப்பைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இடமும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் அதே மேசைக்குப் பின்னால் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மேடம். உக்கடம் குளக்கரையிலிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில், பெண்கள் வேலைக்கு எப்படிப் போய் வருகிறார்கள் என்பது என் தலைப்பு. "அவங்க போற பஸ்ல நீங்க ஏறியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப முதல்ல ஏறுங்க, அப்பறம் பேசலாம்" என்றார். என்னைத் தன் மாணவியாக எடுத்துக்கொண்டார்.

ஏறினேன். வருடக்கணக்காக ஏறினேன். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் என்று பஸ் நிறையப் பெண்கள். குளக்கரையில் இருந்தபோது நடந்தே போன வேலைக்கு இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு பஸ் வராவிட்டால் அன்றைய வேலை போச்சு. அப்படி நாலு தரம் ஆனால் வேலை பார்க்கிற அந்த வீடே கையைவிட்டுப் போச்சு. சில நாள் மேடமும் என்னோடு தொங்கிக்கொண்டு வருவார். ஒரு தடவை ஒரு பெண் எங்கள் இருவரையும் பார்த்து, "ஏனுங்க டீச்சர், நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள எங்களுக்கே வயசாயிப்போயிருமாட்ட இருக்குதுங்க" என்றாள். மேடம்தான் அதிகம் சிரித்தார்.

அவள் சொன்னதில் தப்பில்லை. கட்டுரைகள் அனுப்பின வேகத்திலேயே திரும்பி வந்தன. ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒரு பெரியவர், இது சமூகவியல், திட்டமிடல் இல்லை என்பார். அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் அதையே திருப்பிச் சொல்வார். மேடமும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு முழு அத்தியாயத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, "அரசாங்க அறிக்கையாட்ட இருக்குதுங்க்கா, அந்தப் பொம்பளைங்க எங்க போனாங்க?" என்றார். அவர் வீட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மேடத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அவரும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் திருத்துவோம். நான் அழுத அன்று அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் எனக்கு ஒரு தோசை கூடுதலாக வைத்தார்.

சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "இன்னுமா அம்மணி படிக்கறே?" என்று கேட்காத வாய் கிடையாது. பதிவுக் காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அதுவும் கரைந்துகொண்டிருந்தது. கடைசி அத்தியாயத்தை மேடம் படித்துவிட்டார் என்றால், ஆய்வுச் சுருக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டு சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. "காச்சல் விட்டதும் ரெண்டு நாள்ல பாத்துபோடறேன்க்கா" என்று போனில் சொன்னார். காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

செய்தி வந்தபோது உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். போனைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, ஐயோ, இனி யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதுதான். அழுகை அப்புறம்தான் வந்தது. அப்படி நினைத்த மனசைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

வடவள்ளியில் இறங்கி அந்த வீட்டுக்குள் போனபோது கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மேடம் படுத்திருந்தார். எதையாவது படிக்கும்போது நெற்றியில் ஒரு சுருக்கம் விழும். அது இல்லாமல் யாரோ மாதிரி இருந்தார். பக்கத்தில் பாயில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எடுப்பதற்கு நேரமாகிறது என்று ஆண்கள் வெளியே பேசுவது கேட்டது. உறவுக்காரப் பெண்கள் உட்கார இடமில்லாமல் நின்றதால் எழுந்தேன்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். ஆனால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த அம்மாவிடம் சொல்லியிருப்பேன். புத்தி எங்கேயோ இருந்தது. வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"வாரேனுங்கம்மா."

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். விம்மிக்கொண்டிருந்த ஒரு பெண்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற மாமா முறைக்காரர் ஒருவர், "ஏனுங்க, படிச்சவிங்கதானுங்க நீங்க? எழவு ஊட்டுல சொல்ற பேச்சுங்களா இது?" என்றார். அப்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டினார். அது இன்னும் அதிகமாக வலித்தது. தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அந்த அம்மாதான் பேசினார். நிமிரக்கூட இல்லை. "உடுங்கண்ணா. அவ சொல்லட்டு" என்றார். பிறகு என் சேலை நுனியைப் பிடித்தார். "எம் பொண்ணு போயிட்டா. இனி இந்த ஊட்டுல என்ரகிட்ட வாரேன்னு சொல்ல ஆரு இருக்கறாங்க? நீ வா கண்ணு. வந்துபோடோணும்."

அந்த மாமா வாசற்படியிலிருந்து விலகி எனக்கு வழி விட்டார். நான் மழையில் நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. வழிகாட்டி கையெழுத்து இல்லாமல் சமர்ப்பிக்க முடியாது என்பதால் புதிதாக ஒருவரைத் தேட வேண்டியிருந்தது; ஆள் கிடைத்தால் பதிவை இன்னும் கொஞ்ச காலம் நீட்டித் தருவதாகப் பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் என் தலைப்பை எடுத்துக்கொள்ளத் தகுதியுள்ள வழிகாட்டி யாருமில்லை. கேட்ட இடத்திலெல்லாம் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. கடைசியில் வேறு ஊர்ப் பேராசிரியர் ஒருவர் சம்மதித்தார். ஆனால் போக்குவரத்து நெரிசலைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் அவருடைய வேலைக்குள் நான் வர வேண்டும். பஸ் பெண்கள் வேண்டாம். எழுதிய அத்தியாயங்கள் அத்தனையும் வேண்டாம். மாட்டேன் என்றால் பதிவு போய்விடும், பின்னாலேயே வேலையும் போகும்.

அந்த ஞாயிறு வடவள்ளிக்குப் போனேன். அதே மேசையில் உட்கார்ந்து, மேடம் திருத்திய எதுவும் இனி இருக்காது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார், இல்லை அழுவார் என்று நினைத்தேன். என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "அவளே இல்லீங்கறப்ப அவ எழுத்து என்னத்துக்கு கண்ணு? நீ பொழைக்கற வழியப் பாரு" என்றார். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை.

மறுநாள் சம்மதக் கடிதம் அனுப்பினேன். இப்போது திரையில் புள்ளிகளாக வண்டிகள் நகர்கின்றன. ஒரு வண்டிக்குள்ளும் ஆள் இல்லை. அந்த பஸ் இன்னும் நேரத்துக்கு வருவதில்லை என்று அந்தப் பெண்களில் ஒருத்தி போன் பண்ணினாள். எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

என்றைக்காவது எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தால் கல்லூரியில் மாலை போடுவார்கள், சொந்தக்காரர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள், நான் மட்டும் அதை வேறு யாருக்கோ வந்த பட்டமாகத்தான் வாங்கிக்கொள்வேன். ஆனாலும் கையில் வாங்கியதும் முதலில் போய்க் காட்ட ஒரு வீடு இருக்கிறதே என்ற ஒன்றை வைத்துத்தான் இன்னும் இதை விட்டுவிடாமல் இருக்கிறேன்.