ஜீப்பில் வந்த ஆறாப்பு

போடிமெட்டிலிருந்து ஏலத்தோட்ட வேலையாட்களை மலையிறக்கிக் கூட்டிவரும் ஜீப்பில் ஒருநாள் என் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். ஏலக்காய்க் கறை போனில் படாதபடி, விரலை மடக்கி மூட்டால் தள்ளித் தள்ளிப் பாடம் பார்த்தாள். நான் எட்டிப் பார்த்ததைக் கவனித்துவிட்டாள்.

“பத்தாப்புப் பரீட்சை எழுதப் போறேன் ஆத்தா. நீங்க எதுவரைக்கும் படிச்சீக?”

“அஞ்சு” என்றேன், மெதுவாக.

“அப்ப ஆறாப்பு போடுறேன். வெரசா காதைக் காட்டுங்க.”

தன் காதில் இருந்த இயர்போன் வயரின் ஒரு முனையை என் காதில் செருகினாள். திரையில் ஒரு டீச்சர், “வாங்க, உட்காருங்க” என்றார். என்னையே கூப்பிட்டதுபோல் இருந்தது. அடுத்த வளைவில் சிக்னல் போய், டீச்சர் வாய் திறந்தபடி நின்றுவிட்டார்.

“கீழ போனா வந்துரும் ஆத்தா” என்றாள். அதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

பிறகு அவளைப் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறியதும், யாராவது விரல் மூட்டால் போனைத் தள்ளுகிறார்களா என்று இன்றும் தேடுகிறேன்.